நவம்பர் 9: ஜெர்மனியின் வரலாறு ஏன் ஒரே தேதியில் வந்து விழுகிறது?

கேள்வி இதுதான்: ஜெர்மனியில் முடியாட்சி முடிந்தது, ஹிட்லரின் முதல் கலகம், யூத ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட இரவு, பெர்லின் சுவர் திறந்தது, இந்த நான்கும் நவம்பர் 9ஆம் தேதியை ஒட்டியே நடந்திருக்கின்றன, இது தற்செயலா, யாராவது திட்டமிட்டதா? கூடவே இன்னொரு கேள்வியும் இருந்தது: அப்படிப்பட்ட நாளை விட்டுவிட்டு அவர்கள் ஏன் அக்டோபர் 3ஐத் தேசிய தினமாகக் கொண்டாடுகிறார்கள்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சில தற்செயல், சில மனிதர்கள் கைப்பட முடிச்சுப் போட்டவை. எது எந்த வகை என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் இந்தத் தேதி புரியும். ஜெர்மானியர்களே இதை 'விதியின் நாள்' என்று சொல்வதுண்டு, நவம்பர் வந்தால் பத்திரிகைத் தலைப்புகளில் அந்தப் பெயர் தவறாமல் வரும். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு கிடையாது. 1938இல் நடந்ததை விதி என்று சொன்னால், அதை உத்தரவு போட்டு நடத்தியவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வருடத்தில் 365 நாள்தான் இருக்கிறது, பெரிய சம்பவங்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆகவே எந்தத் தேதியைத் தொட்டாலும் நான்கைந்து பெரிய விஷயங்கள் அகப்படும். இதே நவம்பர் 9ஐ பிரான்ஸ் பக்கமிருந்து பாருங்கள்: 1799இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றத் தொடங்கிய நாள் அது, 1970இல் சார்லஸ் டி கால் இறந்ததும் அன்றுதான். இந்தியாவில் 2000இல் உத்தராகண்ட் தனி மாநிலமானது, 2019இல் அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதே நாளில் கர்தார்பூர் பாதையும் திறக்கப்பட்டது. யாரும் அதை இந்தியாவின் விதி நாள் என்று சொல்வதில்லை. ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு என்று ஸ்வீடன் அறிவியல் அகாடமி முடிவெடுத்ததும் 1922 நவம்பர் 9இல்.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இந்தத் தேதியில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரியவிட்டுப் போன எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை நம் ஊரில் இன்றைக்கும் மறக்கவில்லை, உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டும் இருக்கிறது. அந்த எம்டனின் கதை முடிந்தது 1914 நவம்பர் 9இல். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை நாசப்படுத்த கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஆட்களை இறக்கியிருந்தார், நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டார்கள், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்துவிட்டது. அடி தாங்காமல் எம்டனை ஒரு பவளத் தீவின் பாறையில் ஏற்றி நிறுத்தினார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஜெர்மனி சம்பந்தப்பட்ட நவம்பர் 9தான் இதுவும், ஆனால் விதி நாள் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. ஏன் என்றால் பட்டியல் போடுபவர்கள் தங்கள் கதைக்குப் பொருந்துவதைத்தான் பொறுக்குகிறார்கள். தேதி விளையாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சரி, ஜெர்மனியின் பட்டியலுக்கு வருவோம். அது வழக்கமாக 1848இல் தொடங்கும். ராபர்ட் ப்ளூம் கொலோன் நகரத்தின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, லைப்சிக் நாடக அரங்கில் வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்து மேலே வந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். ஃப்ராங்க்ஃபர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உறுப்பினர். வியன்னாவில் புரட்சி வெடித்தபோது ஆதரவு தெரிவிக்கப் போனவர் அங்கேயே தடுப்பரண்களில் நின்று சண்டையும் போட்டார். ஆஸ்திரியப் பேரரசரின் படை நகரத்தைப் பிடித்ததும் நவம்பர் 4ஆம் தேதி கைது, 9ஆம் தேதி காலையில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு இருந்தும், அதை ராணுவ நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாடாளுமன்றத்துக்கு நிஜத்தில் எந்த அதிகாரமும் கிடையாது என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது. மிக முக்கியமான சம்பவம்தான். ஆனால் தேதியைப் பொறுத்தவரை இதற்கும் பின்னால் வருபவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ப்ளூமை நினைத்து 1918இல் யாரும் நாள் குறிக்கவில்லை.

1918இல்தான் கதை தொடங்குகிறது. முதல் உலகப் போரில் தோற்றாகிவிட்டது, கடைசி நேரத்தில் ஆங்கிலேயக் கடற்படையோடு மோதச் சொல்லி உத்தரவு வந்தபோது மாலுமிகள் மாட்டோம் என்றார்கள், கீல் துறைமுகத்தில் அது எழுச்சியாகி, சில நாட்களில் ஊர் ஊராகப் பரவியது. மியூனிக்கில் 7ஆம் தேதியே பவேரிய அரசர் ஓடிப்போனார். பெர்லின் தொழிற்சாலைகளில் இருந்த புரட்சிகரப் பிரதிநிதிகள் தங்கள் எழுச்சியை 11ஆம் தேதிக்குத்தான் வைத்திருந்தார்கள். 8ஆம் தேதி அவர்களில் முக்கியமானவரான எர்ன்ஸ்ட் டோய்மிக் கைதாகிவிட, இனிமேல் காத்திருந்தால் எல்லாரையும் பிடித்துவிடுவார்கள் என்று மறுநாளே தெருவில் இறங்கினார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 11 என்று வைத்தது 9 ஆனது. இன்னும் இரண்டு இடங்களில் இதே மாதிரி வரும்.

அன்றைய தினத்தின் நடுப்பகலை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கைசர், அதாவது பேரரசர், வில்ஹெல்ம் பெர்லினில் இல்லை, பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில் ராணுவத் தலைமையகத்தில் இருந்தார். படையைத் திரட்டிக்கொண்டு போய் பெர்லினை அடக்கலாமா என்று யோசித்தார். தளபதி க்ரோனர், படை தன் தளபதிகளின் கீழ் ஒழுங்காக வீடு திரும்பும், உங்கள் தலைமையில் திரும்பாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்போதும், பேரரசர் பதவியை மட்டும் விட்டுவிட்டு பிரஷியாவின் அரசராக இருந்துகொள்ளலாம் என்று கைசர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பெர்லினில் சான்சலராக இருந்த இளவரசர் மாக்ஸ் ஃபான் பாடனுக்கு ஜன்னலுக்கு வெளியே கூட்டம் தெரிகிறது, ஸ்பாவிலிருந்து போனில் தெளிவான பதில் வருகிற வழியைக் காணோம். கடைசியில் கைசரின் சம்மதம் இல்லாமலே அவர் முடி துறந்துவிட்டார் என்று நடுப்பகலில் அறிவித்துவிட்டு, சான்சலர் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃப்ரீட்ரிக் ஏபர்ட்டிடம் கொடுத்துவிட்டார். கைசர் மறுநாள் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். முறைப்படி முடி துறந்து கையெழுத்துப் போட்டது நவம்பர் 28ஆம் தேதிதான்.

மதியம் இரண்டு மணி வாக்கில் ஏபர்ட்டின் கட்சிக்காரர் ஃபிலிப் ஷைடெமன் நாடாளுமன்ற உணவுக்கூடத்தில் சூப் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் குடியரசு அறிவிக்கப் போகிறார் என்று ஆட்கள் ஓடி வந்து சொன்னதும் எழுந்து போய், ஜன்னலில் நின்று, மன்னராட்சி வீழ்ந்தது, குடியரசு வாழ்க என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஏபர்ட்டுக்குக் கோபம் தலைக்கேறியது, குடியரசை அறிவிக்க உனக்கு என்ன உரிமை என்று மேசையைத் தட்டிக் கத்தினார் என்று ஷைடெமனே பிறகு எழுதியிருக்கிறார். அப்புறம் நான்கு மணி வாக்கில் கார்ல் லீப்க்னெக்ட் அரண்மனையில் ஏறி நின்று 'சுதந்திர சோஷலிசக் குடியரசு' என்று இரண்டாவது அறிவிப்பைச் செய்தார். ஒரே மதியத்தில் ஒரே நகரத்தில் இரண்டு குடியரசுகள்! லீப்க்னெக்ட் நின்ற அந்த மாடத்தின் மதிப்பு எவ்வளவு என்றால், 1950இல் கிழக்கு ஜெர்மன் அரசு அரண்மனை முழுவதையும் வெடி வைத்துத் தகர்த்தபோது, மாடம் இருந்த வாசலின் பாகங்களை மட்டும் எடுத்து வைத்து, பிறகு கட்டிய தன் அரசு மன்றக் கட்டடத்தின் முகப்பில் பொருத்திக்கொண்டது. இப்போதும் பெர்லினில் அது அங்கே இருக்கிறது.

போர் நிறுத்தம் கையெழுத்தானது இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11இல். இந்த வரிசைதான் வினையாகிப் போனது. ராணுவம் களத்தில் தோற்கவில்லை, உள்ளூரில் புரட்சி செய்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யை வலதுசாரிகள் ஊதிப் பெருக்கினார்கள். 9ஆம் தேதி புரட்சி, 11ஆம் தேதி சரணடைதல் என்று தேதிகளை அடுக்கிக் காட்டினால் அந்தப் பொய் கேட்பவருக்கு நியாயமாகவே பட்டது. உண்மையில் செப்டம்பர் மாதக் கடைசியிலேயே, போர் நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியது தளபதி லூடன்டார்ஃப்தான். குடியரசுக்காரர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று திட்டுவது வழக்கமானது. அதாவது ஒரு மாதத்தின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. புதிய குடியரசு தன் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கக்கூட ஒருமித்த கருத்துக்கு வர முடியவில்லை.

இங்கேதான் முதல் முடிச்சு விழுகிறது. 1923 நவம்பர், பணம் காகிதமாகிப்போன நேரம், அந்த மாதம் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் வரை போனது. ஹிட்லரும் அவருடைய கூட்டாளிகளும் மியூனிக்கில் ஆட்சியைப் பிடித்து, பெர்லினை நோக்கிப் போகத் திட்டம் போட்டார்கள். அவர்கள் முதலில் வைத்த நாள் நவம்பர் 11, போர் நிறுத்தத்தின் நினைவு நாள். அதாவது நாளை அவர்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வைத்தார்கள், வஞ்சம் தீர்ப்பதற்கான பஞ்சாங்கம். ஆனால் பவேரியாவின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த குஸ்டாவ் ஃபான் கார் 8ஆம் தேதி இரவு ப்யூர்கர்ப்ராய்கெல்லர் என்ற பெரிய பீர் கூடத்தில் பேசப் போகிறார், மாநிலத்தின் முக்கியப் புள்ளிகள் எல்லாரும் அங்கே இருப்பார்கள் என்று தெரிந்ததும் முன்கூட்டியே பாய்ந்தார்கள். ஹிட்லர் கூரையைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டு, தேசியப் புரட்சி தொடங்கிவிட்டது, நவம்பர் குற்றவாளிகளின் அரசு ஒழிந்தது என்று அறிவித்தார். இரவோடு இரவாக ஃபான் கார் நழுவிப்போய்ப் படையை எதிராகத் திருப்பிவிட்டார். 9ஆம் தேதி மதியம் சுமார் இரண்டாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள், ஓடியோன்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கம் போலீஸ் சுட்டது. ஹிட்லரோடு கை கோத்து நடந்தவர் சுடப்பட்டு விழுந்தபோது ஹிட்லரையும் இழுத்துக்கொண்டு விழுந்தார், தோள் மூட்டு பிசகியதோடு ஹிட்லர் தப்பித்தார். நாஜிகள் தங்கள் கணக்கில் வைத்த சாவு 16, நான்கு போலீஸ்காரர்களும் செத்தார்கள்.

தேசத் துரோக வழக்கில் ஹிட்லருக்கு ஐந்து ஆண்டுச் சிறை விதித்தார்கள், 1924 டிசம்பரிலேயே வெளியே விட்டுவிட்டார்கள். அந்த நீதிபதிகளின் தாராள மனதுக்கு உலகம் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் இந்தத் தேதியைத் திருவிழாவாக்கினார்கள். என் பார்வையில் முழுக் கதையின் அச்சாணி இதுதான். ஆண்டுதோறும் நவம்பர் 8 இரவு அதே பீர் கூடத்தில் பழைய தோழர்களுக்கு ஹிட்லரின் உரை, மறுநாள் 1923இல் போன அதே வழியில் ஊர்வலம், அன்றைக்குச் சுமந்து போன, ரத்தம் பட்ட கொடிக்கு மரியாதை. 1935இல் அந்த 16 பேரின் உடல்களைத் தோண்டியெடுத்து வந்து மியூனிக்கின் நடுவில் மண்டபம் கட்டி வைத்தார்கள். தோற்றுப்போன ஒரு கலகத்தைத் தியாகிகள் தினமாக மாற்றிவிட்டார்கள். ஆக, ஒவ்வொரு நவம்பர் 8, 9 தேதிகளிலும் கட்சியின் பெரிய தலைகள் அனைவரும் ஒரே ஊரில் இருப்பார்கள் என்பது நாடறிந்த விஷயம்.

அது எவ்வளவு நிச்சயம் என்பதற்குக் கியோர்க் எல்சர் சாட்சி. தென்மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி, எந்த இயக்கத்தின் உத்தரவும் இல்லாமல் தனியாக முடிவெடுத்தவர். 1938 நவம்பர் 8இல் மியூனிக்குக்கு வந்து அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனார், ஹிட்லர் அடுத்த ஆண்டும் இதே இடத்தில் இதே இரவில் நிற்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1939இல் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள், கூடத்தைப் பூட்டும் வரை ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, கடிகாரம் பொருத்திய குண்டை உள்ளே வைத்தார். குண்டு 9.20க்குச் சரியாக வெடித்தது. ஆனால் பனிமூட்டத்தால் விமானம் எடுக்க முடியாது என்று ரயிலைப் பிடிக்க ஹிட்லர் 9.07க்கே கிளம்பிவிட்டார். 13 நிமிடம். எட்டு பேர் இறந்தார்கள். எல்சரை அன்று இரவே சுவிஸ் எல்லையில் பிடித்தார்கள், போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது டாஹௌ வதை முகாமில் சுட்டுக் கொன்றார்கள். இந்த மனிதரைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது 1938. அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் வாழ்ந்த சுமார் 17,000 போலந்து யூதர்களை ஒரே வீச்சில் பிடித்து எல்லையில் கொண்டுபோய்த் தள்ளினார்கள், போலந்தும் சேர்த்துக்கொள்ளத் தயங்கியது, ஆயிரக்கணக்கானோர் குளிரில் எல்லையிலேயே கிடந்தார்கள். ஹனோவரில் இருந்து அப்படித் தள்ளப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன் ஹெர்ஷல் க்ரின்ஸ்பான், 17 வயது, பாரிஸில் இருந்தான். நவம்பர் 7ஆம் தேதி அங்கே ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் எர்ன்ஸ்ட் ஃபாம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். ராத் இறந்தது 9ஆம் தேதி மாலை.

பாரிஸ் மருத்துவமனையில் ஒருவர் எந்த நாளில் இறப்பார் என்பதை யாரும் வைத்துச் செய்ய முடியாது, அந்த அளவுக்கு இது தற்செயல். ஆனால் அந்தச் செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். மியூனிக்கின் பழைய நகர மன்றத்தில் 1923 நினைவு விருந்து நடந்துகொண்டிருக்கிறது, நாடு முழுவதும் இருந்த கட்சியின் மாவட்டத் தலைவர்கள், எஸ்ஏ என்ற கட்சியின் அடியாள் படைத் தலைவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில். ஹிட்லர் பிரசார அமைச்சர் கோயபல்ஸிடம் தனியாகப் பேசிவிட்டு, வழக்கமான உரை ஆற்றாமல் எழுந்து போனார். பத்து மணி வாக்கில் கோயபல்ஸ் பேசினார். கட்சி எதையும் ஏற்பாடு செய்யாது, ஆனால் மக்கள் தாமாகக் கொதித்தெழுந்தால் தடுக்கவும் செய்யாது என்ற தொனியில் பேச்சு. கேட்டவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரிந்தது, எழுந்து போய் ஆளாளுக்குத் தங்கள் ஊருக்குப் போன் போட்டார்கள். ராத் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இறந்திருந்தாலும் வன்முறை நடந்திருக்கும், 7ஆம் தேதியே கசெல் பக்கம் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரே இரவில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடத்த முடிந்ததற்கு அந்த விருந்து பெரிய காரணம். 1918இன் வெறுப்பிலிருந்து 1923, 1923இன் திருவிழாவிலிருந்து 1938. இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கும் சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது, கணு கணுவாகத் தொட்டுப் பார்க்கலாம்.

1,400க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்களும் தொழுகை அறைகளும் எரிக்கவோ இடிக்கவோ பட்டன, சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன, ஏறத்தாழ 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாஹௌ, புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு 91, உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. பின்னிரவில் பாதுகாப்புப் போலீஸின் தலைவர் ஹைட்ரிக் அனுப்பிய தந்தியைப் படித்தால் உடம்பு கூசும்: பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவும் ஆபத்து இல்லாத இடத்தில் மட்டும் எரிக்கலாமாம். பல ஊர்களில் தீயணைப்பு வண்டி வந்து நின்று, எரிவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் அடித்தது. பிறகு யூத சமூகத்தின் மீதே நூறு கோடி மார்க் அபராதம் போட்டார்கள், உடைந்த கண்ணாடிக்கு வந்த காப்பீட்டுப் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது.

பெர்லினில் ஓரானியன்பர்கர் தெருவில் தங்கக் குவிமாடத்தோடு நிற்கிற புதிய ஜெப ஆலயம் அன்று பிழைத்தது. வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட் என்பவர் பொறுப்பில் இருந்த காவல் நிலையத்துப் போலீஸார் வந்து, இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று சொல்லி எஸ்ஏ ஆட்களை விரட்டிவிட்டு, தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு அணைக்கவும் வைத்தார்கள். பிறகு போர்க் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் சேதமானது வேறு கதை. சட்டப் புத்தகத்தைக் காட்டி ஒரு காவல் நிலையம் அந்த இரவில் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது என்றால், மற்ற ஊர்களில் கை கட்டி நின்றவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது?

போருக்குப் பிறகும் இந்தத் தேதியைக் கணக்கு வைத்துக் கொடுமை செய்தவர்கள் உண்டு. 1969 நவம்பர் 9இல், 1938ஐ நினைவுகூரக் கூட்டம் கூடியிருந்த மேற்கு பெர்லின் யூத சமூக மையத்தில் ஒரு தீவிர இடதுசாரிக் குழு குண்டு வைத்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை.

இனி 1989. இது பட்டியலிலேயே மிகச் சுத்தமான தற்செயல், அதனாலேயே எனக்கு மிகப் பிடித்ததும்கூட. அந்த ஆண்டு ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டிருந்தது, கிழக்கு ஜெர்மானியர்கள் அந்த வழியாகவும் செக்கோஸ்லோவாகியா வழியாகவும் ஆயிரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள், லைப்சிக்கில் வாரம்தோறும் ஊர்வலம், கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரின் பதவி போய் எகான் க்ரென்ஸ் வந்திருந்தார். நவம்பர் 9 காலை உள்துறை அமைச்சகத்தில் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்து, நிரந்தரமாக வெளியேற விரும்புபவர்களுக்கு ஒரு விதி எழுத வேண்டும், இதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. எழுதும்போது அவர்களுக்கே உறுத்தியது: ஊரை விட்டே போகிறவன் போகலாம், சித்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவன் போகக் கூடாது என்றால் எப்படி? ஆகவே சொந்தப் பயணங்களையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். விண்ணப்பித்து விசா வாங்க வேண்டும், அறிவிப்பு 10ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு வெளியாக வேண்டும், இதுதான் திட்டம். மறுபடியும் பாருங்கள், இதற்கும் குறித்த நாள் வேறு.

க்ரென்ஸ் அந்தத் தாளைக் கட்சியின் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபாவ்ஸ்கியிடம் கொடுத்தார், இதை அறிவித்துவிடு என்று. ஷபாவ்ஸ்கி அந்த விஷயம் பேசப்பட்டபோது கூட்டத்தில் இல்லை, தாளை முழுதாகப் படிக்கவும் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு, நேரடி ஒளிபரப்பு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாத பேச்சு. முடியப் போகிற நேரத்தில், பயண விதி பற்றிக் கேள்வி வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்து வேகமாகப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். காகிதங்களைப் புரட்டினார், பிறகு சொன்னார்: "எனக்குத் தெரிந்தவரை, இப்போதே, உடனடியாக." அவர் கைப்படக் குறிப்பெழுதி வைத்திருந்த தாள் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏழு மணி தாண்டியதும் செய்தி நிறுவனங்கள் எல்லை திறக்கிறது என்று போட்டுவிட்டன, எட்டு மணிச் செய்தியில் மேற்கு ஜெர்மன் டிவி சொன்னது, அதைக் கிழக்கிலும் எல்லாரும் பார்ப்பார்கள். மேற்கு ஜெர்மனியின் அன்றைய தலைநகரான பானில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். சான்சலர் ஹெல்முட் கோல் வார்சாவில் இருந்தார், நாட்டிலேயே இல்லை. திட்டமிட்ட நாள் என்றால் இப்படியா இருக்கும்?

போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பிரிவின் அதிகாரி ஹரால்ட் யேகர் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் ஷபாவ்ஸ்கியைப் பார்த்தார், காதை நம்ப முடியவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டால், ஆட்களைத் திருப்பி அனுப்பு என்றார்கள். கூட்டம் பத்தாகி, நூறாகி, ஆயிரமாகி, கதவைத் திற என்று கத்தத் தொடங்கியது. அதிகமாகச் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அடையாள அட்டையில் போட்டோ மேலேயே முத்திரை குத்து என்று அடுத்த உத்தரவு வந்தது. அந்த முத்திரைக்கு அர்த்தம், இவர்கள் இனித் திரும்பி வர முடியாது என்பது. அவர்களுக்கு அது தெரியாது. இப்படிப் போன ஓர் இளம் தம்பதி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, குழந்தைகள் வீட்டில் தூங்குகிறார்கள், உள்ளே விடுங்கள் என்று நின்றார்கள். யேகர் விட்டார். உத்தரவை மீறியது முதலில் அந்த இடத்தில்தான். 11.30 வாக்கில் மொத்தத் தடுப்பையும் திறக்கச் சொல்லிவிட்டார். மேலிருந்து எந்த உத்தரவும் இல்லை, ஆயுதம் இருந்தது, பயன்படுத்தவில்லை. 1961இலிருந்து குறைந்தது 140 பேரின் உயிரைக் குடித்த சுவரை அந்த இரவு வென்றது இப்படித்தான்.

இப்போது மொத்தமாகப் பார்த்தால் 1848 தனி, 1989 தனி. 1918க்கும் 1989க்கும் குறித்த நாள் வேறு, அவசரத்தாலோ தவறாலோ 9இல் விழுந்தன. 1923 வஞ்சத்தோடு நவம்பரைத் தேடி வந்தது, நாள் மட்டும் நழுவியது. 1938இன் நாள் ஒரு சாவால் அமைந்தது, அதன் வேகம் 1923இன் விழாவால் வந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே பாதி வந்துவிட்டது. சுவர் திறந்த பிறகு நவம்பர் 9ஐயே தேசிய தினமாக்கலாம் என்ற பேச்சு நிஜமாகவே இருந்தது. ஆனால் 1938இல் ஜெப ஆலயங்கள் எரிந்த அதே நாளில் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாட முடியுமா? நாஜிகள் ஏற்கெனவே ஒருமுறை இந்த நாளைக் கொடியும் ஊர்வலமுமாகக் கொண்டாடியிருக்கிறார்கள் என்ற சங்கடம் வேறு. மேற்கு ஜெர்மனி அதுவரை 1953 கிழக்கு ஜெர்மன் எழுச்சியின் நினைவாக ஜூன் 17ஐக் கடைப்பிடித்து வந்தது. 1990 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் இணைவதற்கான நாளாக அக்டோபர் 3ஐ முடிவு செய்தது, அக்டோபர் 7 வந்தால் கிழக்கு ஜெர்மனியின் 41ஆவது ஆண்டு விழா வந்துவிடும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. அந்த நாளே தேசிய தினமானது. அக்டோபர் 3க்குப் பின்னால் கதை இல்லை, உணர்ச்சி இல்லை, அலுவலகத் தேதி என்று குறைப்படுபவர்கள் அங்கே நிறையப் பேர். என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரிதான். யேகரின் இரவைக் கொண்டாட ஆசை வரும், எனக்கும் வரும், ஆனால் ஓரானியன்பர்கர் தெருவில் அன்றைக்குத் துக்கம் அனுசரிப்பவர்கள் இருக்கும்வரை அதை ஒரு சாதாரண விடுமுறை நாளாக்க முடியாது.